டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிய பிறகு காலாவதி தேதி தப்பாகத் தெரிவது ஏன்?

டொமைனை ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றியவர்களுக்கு வரும் குழப்பங்கள் பெரும்பாலும் மூன்று விதம். மாற்றும்போது ஒரு வருடத்துக்குப் பணம் கட்டியிருப்பார்கள், ஆனால் காலாவதி தேதி நகர்ந்திருக்காது. அல்லது புதிய ரெஜிஸ்ட்ராரின் பேனலில் ஒரு தேதியும், பொதுத் தேடல் பக்கத்தில் வேறொரு தேதியும் இருக்கும். அல்லது தேதி இன்னும் ஒரு வருடம் தள்ளி இருப்பதாகத் தேடல் சொல்லும், ஆனால் இணையதளமோ இன்று காலையே நின்றுபோயிருக்கும்.

மூன்றும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் காரணங்கள் வேறு. ஒன்றில் பணம் உண்மையிலேயே போயிருக்கும். இன்னொன்றில் எதுவுமே போயிருக்காது, திரையில் மட்டும் பிழை இருக்கும். எது நடந்தது என்று தெரியாமல் உதவி மையத்துக்கு எழுதினால், "24 மணி நேரம் பொறுங்கள்" என்ற பதில்தான் வரும். அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

தேதி யாரிடம் இருக்கிறது?

ஒரு டொமைனுக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது.

1. ரெஜிஸ்ட்ரி: ஒரு டொமைன் வகையின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் நிறுவனம். டாட் காம், டாட் நெட் இரண்டுக்கும் வெரிசைன். டாட் இன், டாட் இந்தியா ஆகியவற்றுக்கு நிக்ஸி.

2. ரெஜிஸ்ட்ரார்: ரெஜிஸ்ட்ரியோடு நேரடியாகப் பேசி டொமைனைப் பதியவும் புதுப்பிக்கவும் அங்கீகாரம் பெற்றவர். டாட் காம் போன்ற பொதுவகை டொமைன்களுக்கு அந்த அங்கீகாரத்தைத் தருவது ஐகேன், அதாவது உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு.

3. ரீசெல்லர்: ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி நமக்கு விற்பவர். ஹோஸ்டிங்கோடு சேர்த்து டொமைனும் தரும் சிறிய நிறுவனங்களில் பல இந்த வகைதான்.

4. டொமைனை வைத்திருக்கும் நாம்.

மூலத் தேதி ரெஜிஸ்ட்ரியிடம் மட்டுமே இருக்கிறது. ரெஜிஸ்ட்ராரும் ரீசெல்லரும் அதன் நகலை அவரவர் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பேனலில் நாம் பார்ப்பது அந்த நகல். வங்கிக் கணக்கில் உள்ள இருப்புக்கும் பதிவு போடாத பாஸ்புக்குக்கும் உள்ள உறவுதான் இது. பாஸ்புக் பின்தங்கியிருக்கலாம், வங்கியின் கணக்குதான் செல்லும்.

ஆனால் இந்த விஷயத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. ரெஜிஸ்ட்ரிக்கு நம்மைத் தெரியாது. நாம் எப்போது, எவ்வளவு பணம் கட்டினோம் என்பதும் தெரியாது. ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் கட்டளைகள் மட்டுமே அதற்குத் தெரியும்: பதிவு, புதுப்பிப்பு, மாற்றம், நீக்கம். காலாவதி தேதி என்பது அந்தக் கட்டளைகளின் விளைவு, நம்முடைய ரசீதுகளின் விளைவு அல்ல. இனி வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

டாட் காம் டொமைன் ஒன்றைத் தேடிப் பார்த்தால், முடிவின் கீழே வெரிசைன் ஒரு குறிப்பு வைத்திருக்கும். அங்கே காட்டப்படும் தேதி, ரெஜிஸ்ட்ராரின் பொறுப்பு ரெஜிஸ்ட்ரியில் முடியும் தேதி. ரெஜிஸ்ட்ராரோடு வாடிக்கையாளர் செய்துகொண்ட ஒப்பந்தம் முடியும் தேதியாக அது இருக்க வேண்டும் என்பதில்லை. இதுதான் அதன் சாரம். பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பு, ஆனால் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் அதற்குள் இருக்கிறது.

மாற்றும்போது ஒரு வருடம் சேர்வது எப்படி?

பொதுவகை டொமைன்களில் ரெஜிஸ்ட்ரார் மாற்றம் முடிந்ததும், புதிய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து ரெஜிஸ்ட்ரி ஒரு வருடக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. டாட் காமுக்கு அந்த மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக இருந்தது. அந்தக் கட்டணத்துக்கு ஈடாகக் காலாவதி தேதி ஒரு வருடம் தள்ளிப் போகிறது. ஏற்கெனவே மிச்சமிருக்கும் காலம் அப்படியே இருக்கும், அதன் மேல் ஒரு வருடம் சேரும். டாட் இன் டொமைனிலும் இதே நடைமுறைதான்.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு.

முதலாவது, மாற்றம் முடியும் வரை எதுவும் சேராது. ஆத் கோடு (மாற்றத்துக்குப் பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து வாங்கும் ரகசியக் குறியீடு) கொடுத்து விண்ணப்பித்த பிறகு, பழைய ரெஜிஸ்ட்ரார் ஒப்புதலோ மறுப்போ சொல்ல 5 நாள் இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் மாற்றம் தானாக நடந்துவிடும். அந்த 5 நாளும் பழைய தேதிதான் தெரியும். அது பிழை இல்லை.

இரண்டாவது, பத்து வருட உச்சவரம்பு. எந்தச் சமயத்திலும் ஒரு டொமைனுக்கு 10 வருடத்துக்கு மேல் மிச்சக் காலம் இருக்கக்கூடாது. ஆகஸ்ட் 2035 வரை பதிந்துவைத்த டொமைனை 2026 பிப்ரவரியில் மாற்றினால், முழு வருடம் சேர்த்தால் வரம்பு மீறும் என்பதால் தேதி பிப்ரவரி 2036-இல் நின்றுவிடும். கூடுவது ஆறு மாதம்தான். ரெஜிஸ்ட்ரி கட்டணமோ முழு வருடத்துக்கும் வசூலாகிவிடும். நீண்ட காலத்துக்கு முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பவர்கள் மாற்றுவதற்கு முன் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

காலாவதிக்குப் பிந்தைய 45 நாள்: வருடம் காணாமல் போகும் இடம்

அதிகம் பேருக்குக் கோபம் வருவது இங்கேதான், நியாயமாகவே வருகிறது.

டாட் காம் போன்ற டொமைன் காலாவதியாகும் நாளில் ரெஜிஸ்ட்ரி அதை உடனே நீக்குவதில்லை. தானாக ஒரு வருடம் நீட்டித்து, ரெஜிஸ்ட்ராரின் கணக்கிலிருந்து கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. அன்றிலிருந்து 45 நாள் 'ஆட்டோ ரினியூ கிரேஸ் பீரியட்' என்னும் சலுகைக் காலம். அதற்குள் ரெஜிஸ்ட்ரார் டொமைனை நீக்கிவிட்டால் அந்தக் கட்டணம் அவருக்குத் திரும்பிவிடும். வாடிக்கையாளர் பணம் கட்டாமல் போனால் ரெஜிஸ்ட்ராருக்கு நட்டம் வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

தளம் நின்றுபோயும் தேடலில் அடுத்த வருடத் தேதி தெரிவதற்கு இதுதான் காரணம். ரெஜிஸ்ட்ரி நீட்டித்துவிட்டது; ஆனால் ரெஜிஸ்ட்ராருக்கு நம்மிடமிருந்து பணம் வரவில்லை, அதனால் அவர் டொமைனைத் தன் 'காலாவதியானது' பக்கத்துக்குத் திருப்பிவிட்டார். தேடலில் 2027 என்று பார்த்துவிட்டு "நமக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது" என்று நிம்மதியாக இருந்துவிட்டால் டொமைனே கைவிட்டுப் போகலாம்.

சரி, இந்த 45 நாளுக்குள் டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றினால்? ரெஜிஸ்ட்ரி மூன்று காரியம் செய்கிறது. தானாகச் சேர்த்த வருடத்தை ரத்துசெய்கிறது. அதற்கான கட்டணத்தைப் பழைய ரெஜிஸ்ட்ராருக்குத் திருப்பித் தருகிறது. பிறகு மாற்றத்துக்கான ஒரு வருடத்தைச் சேர்த்து, புதிய ரெஜிஸ்ட்ராரிடம் வசூலிக்கிறது. ஒரு வருடம் போய் ஒரு வருடம் வந்ததால் தேதி நகராது.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். டொமைனின் காலாவதி 2026 மார்ச் 10 என்று வைத்துக்கொள்வோம்.

1. ஜனவரி 10-இல் மாற்றினால்: தேதி 2027 மார்ச் 10. ஒரு வருடக் கட்டணம், ஒரு வருடம்.

2. மார்ச் 1-இல் பழைய ரெஜிஸ்ட்ராரிடம் புதுப்பித்துவிட்டு மார்ச் 5-இல் மாற்றம் முடிந்தால்: 2028 மார்ச் 10. காலாவதிக்கு முன் செய்த புதுப்பிப்பு ரெஜிஸ்ட்ரிக்குத் தனிக் கட்டளையாகப் போயிருக்கிறது, அதனால் அது ரத்தாவதில்லை. இரண்டு கட்டணம், இரண்டு வருடம்.

3. மார்ச் 10 தாண்டிவிட்டது, தளம் நின்றது, பதறிப்போய் மார்ச் 20-இல் பழைய ரெஜிஸ்ட்ராரிடம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டினீர்கள். "இனி இவர்கள் வேண்டாம்" என்று முடிவெடுத்து ஏப்ரல் 5-இல் மாற்றினீர்கள். தேதி 2027 மார்ச் 10. இரண்டு கட்டணம், ஒரே வருடம்.

4. மூன்றாவது நிலையில் இருந்த அதே ஆள், 45 நாள் முடியும் ஏப்ரல் 24 தாண்டும் வரை பொறுத்து, மாத இறுதியில் மாற்றியிருந்தால்: 2028 மார்ச் 10.

மூன்றாவது நிலையில் வருடம் ஏன் காணாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மார்ச் 20-இல் நீங்கள் பணம் கட்டியபோது ரெஜிஸ்ட்ரார் ரெஜிஸ்ட்ரிக்கு எந்தக் கட்டளையும் அனுப்பத் தேவையில்லை. ரெஜிஸ்ட்ரிதான் மார்ச் 10-லேயே நீட்டித்துவிட்டதே! ஆக, அந்த வருடத்துக்கு ஒருவர் பணம் கட்டியிருக்கிறார் என்பதற்கு ரெஜிஸ்ட்ரியில் எந்தத் தடயமும் இல்லை. பணம் கட்டியவரின் டொமைனும் கட்டாதவரின் டொமைனும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். மாற்றம் வந்தவுடன் விதிப்படி ரத்துசெய்கிறது, கட்டணம் பழைய ரெஜிஸ்ட்ராரிடம் திரும்பிப் போகிறது.

அதாவது உங்களிடம் வாங்கிய பணமும் பழைய ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது, ரெஜிஸ்ட்ரி திருப்பித் தந்ததும் அவரிடம் இருக்கிறது. எனவே பணத்தைக் கேட்க வேண்டியது பழையவரிடம், புதியவரிடம் அல்ல. பலர் புதிய ரெஜிஸ்ட்ராரோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண் உழைப்பு. அவர் கட்டிய ஒரு வருடத்துக்கு ஒரு வருடம் சேர்ந்திருக்கிறது. பழையவர் திருப்பித் தருவாரா என்பது அவருடைய ஒப்பந்த விதிகளைப் பொறுத்தது. ஆனால் "ரெஜிஸ்ட்ரி உங்களுக்கு இந்தக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டது" என்று குறிப்பிட்டுக் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில், பொதுவாகப் புலம்புபவருக்குக் கிடைப்பதைவிட நிச்சயம் நேராக இருக்கும்.

காலாவதிக்குப் பின் பணம் வாங்கும் ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரும், பணம் கட்டும் அந்தப் பக்கத்திலேயே, "இந்தத் தேதிக்கு முன் மாற்றினால் இந்த வருடம் ரத்தாகும்" என்று ஒரு வரி எழுத வேண்டும். சிலர் உதவிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் கட்டும் பதற்றத்தில் இருப்பவர் உதவிப் பக்கத்தைத் தேடிப் போகமாட்டார்.

காலாவதிக்கு முன்பே விண்ணப்பித்து, அந்த 5 நாள் காத்திருப்புக்குள் காலாவதி வந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் சிலர் பயப்படுகிறார்கள். மார்ச் 8-இல் தொடங்கி மார்ச் 13-இல் முடிந்த மாற்றம் என்றால், நடுவில் ரெஜிஸ்ட்ரி தானாக நீட்டிக்கும், மாற்றம் முடிந்ததும் அது ரத்தாகும், கடைசியில் தேதி 2027 மார்ச் 10. அதில் இழப்பு எதுவும் இல்லை. நடுவில் பதறிப் பழையவரிடம் பணம் கட்டினால் மட்டுமே இழப்பு. ஆனால் அந்த இரண்டு மூன்று நாளில் தளமும் மின்னஞ்சலும் நின்றுபோகலாம். அதனால் காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே மாற்றத்தை முடித்துவிடுவது உத்தமம்.

வருடமே சேராத மாற்றங்கள்

எல்லா 'ட்ரான்ஸ்ஃபரும்' ரெஜிஸ்ட்ரார் மாற்றம் அல்ல. பேச்சுவழக்கில் ஒரே சொல் எல்லாவற்றுக்கும் புழங்குகிறது.

ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு டொமைனைத் தள்ளுவது ஒரு வகை. தளத்தை வாங்கும்போது விற்கும்போது இது நடக்கும். ரெஜிஸ்ட்ரிக்கு இது தெரியவே வராது, தேதியும் மாறாது. இதில் எளிதில் கண்ணுக்குப் படாத ஒரு நிலை உண்டு: பழைய ஹோஸ்டிங் நிறுவனத்தை விட்டுப் புதிய நிறுவனத்துக்குப் போயிருப்பீர்கள், ஆனால் இருவரும் ஒரே ரெஜிஸ்ட்ராரின் ரீசெல்லர்களாக இருப்பார்கள். உங்களைப் பொறுத்தவரை நிறுவனம் மாறிவிட்டது. ரெஜிஸ்ட்ரியைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 'மாற்றக் கட்டணம்' என்று ஒரு வருடத் தொகையை வாங்கியிருந்தால், அதற்குத் தனியாகப் புதுப்பிப்புக் கட்டளை அனுப்பினார்களா என்று கேட்க வேண்டியது உங்கள் உரிமை.

இன்னொரு வகை மொத்த மாற்றம். ஒரு ரெஜிஸ்ட்ரார் தொழிலை விற்கும்போதோ அங்கீகாரம் இழக்கும்போதோ எல்லா டொமைன்களும் சேர்ந்து இன்னொருவர் கைக்குப் போகும். ஐகேனின் விதிப்படி 50,000 டொமைன்களுக்கு மேல் இருந்தால் ரெஜிஸ்ட்ரி மொத்தமாக 50,000 டாலர் வாங்கிக்கொள்ளலாம். டொமைனுக்கு ஒரு வருடக் கட்டணம் என்ற கணக்கு இதில் இல்லை என்பதால் தேதிகளும் நகராது. 2023-இல் கூகுள் டொமைன்ஸ் சேவையை ஸ்குவேர்ஸ்பேஸ் வாங்கியபோது ஏறத்தாழ ஒரு கோடி டொமைன்கள் கைமாறின. காலாவதி தேதிகள் இருந்தபடியே இருந்தன.

நாடுகளின் டொமைன்களுக்கு அந்தந்த நாட்டு ரெஜிஸ்ட்ரி வைத்ததுதான் சட்டம். பிரிட்டனின் டாட் யூகேயில் ரெஜிஸ்ட்ரார் மாற்றம் என்பது ஒரு குறியீட்டை மாற்றும் வேலை மட்டுமே; வருடம் சேராது.

திரையில் மட்டும் பிழை

பணமும் சரி, வருடமும் சரி, காட்டும் திரை மட்டும் தவறு என்ற நிலைதான் மிகச் சாதாரணமாக வருவது. இதற்குக் காரணங்கள் சில.

நகல் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். ரெஜிஸ்ட்ராரின் மென்பொருள் ரெஜிஸ்ட்ரியிடம் தேதியைத் திரும்பக் கேட்காமல், பழைய தேதியையே வைத்திருக்கும். ரீசெல்லர்கள் பயன்படுத்தும் டபிள்யூஎச்எம்சிஎஸ் போன்ற பில்லிங் மென்பொருளில் 'காலாவதி தேதி' என்று ஒரு பெட்டியும், 'அடுத்த கட்டணத் தேதி' என்று இன்னொரு பெட்டியும் தனித்தனியாக இருக்கும். டொமைன் ஒத்திசைவு வேலையை இயக்கி வைக்காவிட்டால் இரண்டும் இரண்டு பக்கம் போகும். உங்களுக்கு வரும் பில் இரண்டாவது பெட்டியைப் பார்த்து வருகிறது; டொமைன் சாவது முதல் பெட்டியின் மூலத் தேதியைப் பார்த்து.

இந்தப் பின்தங்கிய நகலால் இன்னொரு தொல்லையும் வரும். ரெஜிஸ்ட்ராரும் ரெஜிஸ்ட்ரியும் பேசிக்கொள்ளும் இபிபி என்ற நெறிமுறையில், புதுப்பிப்புக் கட்டளையோடு 'இப்போதைய காலாவதி தேதி இது' என்று சேர்த்து அனுப்பியாக வேண்டும். ஒரே கட்டளை தவறுதலாக இரண்டுமுறை போய் இரண்டு வருடம் ஏறிவிடக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. அனுப்பிய தேதி ரெஜிஸ்ட்ரியிடம் உள்ளதோடு பொருந்தாவிட்டால் கட்டளை நிராகரிக்கப்படும். பேனலில் பழைய தேதி உட்கார்ந்திருக்கும்போது புதுப்பிப்புக்குப் பணம் கட்டினால், பணம் எடுக்கப்பட்டு, கட்டளை தோற்று, டொமைன் அப்படியே இருக்கும் நிலை வருவது இப்படித்தான்.

ஒரு நாள் மட்டும் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் நேர மண்டலம். ரெஜிஸ்ட்ரிகள் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. தேதிக்குப் பின்னால் வரும் 'இசட்' என்ற எழுத்து அதைத்தான் சொல்கிறது. மார்ச் 10 இரவு 20:10 யூடிசி என்றால் சென்னையில் மார்ச் 11 அதிகாலை 1:40. ஒரு பேனல் 10 என்றும் இன்னொன்று 11 என்றும் காட்டினால் இரண்டும் சரிதான்.

இவை எல்லாம் ஆபத்தில்லாதவை. பேனலின் தேதி ரெஜிஸ்ட்ரியின் தேதியைவிடத் தள்ளி இருந்தால் அது வேறு கதை. நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள், பேனல் வருடத்தைக் கூட்டிக் காட்டுகிறது, ஆனால் கட்டளை ரெஜிஸ்ட்ரிக்குப் போகவே இல்லை என்று அதற்குப் பொருள். 2007-இல் அமெரிக்காவின் ரெஜிஸ்டர்ஃப்ளை நிறுவனத்தில் இந்த மாதிரிப் புகார்கள் குவிந்தன: வாடிக்கையாளர்கள் புதுப்பிக்கப் பணம் கட்டியிருந்தும் டொமைன்கள் புதுப்பிக்கப்படவில்லை. ஐகேன் அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தை ரத்துசெய்தது. டொமைன்கள் கோடாடி என்ற ரெஜிஸ்ட்ராருக்கு மொத்தமாக மாற்றப்பட்டன. ரெஜிஸ்ட்ரார்கள் வாடிக்கையாளர் தரவின் பிரதியை வெளியில் பாதுகாப்பாக வைத்தாக வேண்டும் என்பதை ஐகேன் முடுக்கிவிட்டதும் அந்தச் சமயத்தில்தான்.

மூலத் தேதியைப் பார்ப்பது எப்படி?

நீண்ட காலம் ஹூயிஸ் என்ற சேவைதான் இதற்கு வழி. பொதுவகை டொமைன்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஹூயிஸ் கட்டாயமில்லை; அந்த இடத்தை ஆர்டாப் என்ற புதிய நெறிமுறை பிடித்துவிட்டது. நாம் நெறிமுறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஐகேன் நடத்தும் லுக்கப் பக்கத்தில் டொமைன் பெயரைப் போட்டாலே போதும். விளம்பரங்கள் நிறைந்த தனியார் தேடல் தளங்கள் பழைய முடிவைச் சேமித்து வைத்துக் காட்டுவதுண்டு, அவற்றை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

முடிவில் பார்க்க வேண்டியவை:

1. ரெஜிஸ்ட்ரி காலாவதி தேதி. இதுதான் மூலம். 'ரெஜிஸ்ட்ரார் காலாவதி' என்று தனியாக இன்னொரு தேதியும் இருக்கலாம். அது ரெஜிஸ்ட்ரார் சொல்வது. இரண்டும் வேறுபட்டால் அதுவே உங்கள் துப்பு.

2. ரெஜிஸ்ட்ராரின் பெயரும் அவருடைய ஐயானா எண்ணும் (ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராருக்கும் உரிய தனி அடையாள எண்). மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எண் ஒன்றாக இருந்தால் உண்மையில் ரெஜிஸ்ட்ரார் மாறவில்லை.

3. நிலைக் குறிகள். 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்று இருந்தால் டொமைன் 45 நாள் காலத்தில் இருக்கிறது, தெரியும் வருடம் இன்னும் உறுதியாகவில்லை. 'பெண்டிங் ட்ரான்ஸ்ஃபர்' என்றால் மாற்றம் முடியவில்லை. 'ட்ரான்ஸ்ஃபர் பீரியட்' என்றால் மாற்றம் முடிந்து 5 நாள் ஆகவில்லை. 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றே ரெஜிஸ்ட்ராரை அழைக்க வேண்டும்: டொமைன் நீக்கப்பட்டுவிட்டது, மீட்க 30 நாள்தான், அதற்குக் கட்டணமும் வழக்கத்தைவிடப் பல மடங்கு. அதன்பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் பதியலாம்.

இந்த முடிவைத் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ரெஜிஸ்ட்ரியின் நிலை மாறிவிடும். அப்போது இன்றைய நிலையை நிரூபிக்க வேறு வழி இருக்காது.

சரிசெய்யும் வரிசை

1. ரெஜிஸ்ட்ரியின் தேதியில் வருடம் சேர்ந்திருக்கிறது, பேனலில் மட்டும் இல்லை என்றால்: புதிய ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு சிறிய மடல். "ரெஜிஸ்ட்ரியில் இந்த டொமைனின் காலாவதி இது, உங்கள் பேனல் இப்படிக் காட்டுகிறது, ரெஜிஸ்ட்ரியிலிருந்து மீண்டும் ஒத்திசைத்துத் தாருங்கள்." படத்தையும் இணைத்தால் சில நிமிட வேலை. அது முடியும் வரை பேனலில் புதுப்பிப்புப் பொத்தானைத் தொடாதீர்கள்.

2. ரெஜிஸ்ட்ரியில் வருடம் சேரவில்லை, ஐயானா எண் மாறியிருக்கிறது என்றால்: பழைய காலாவதி தேதியையும் மாற்றம் முடிந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மாற்றம் காலாவதிக்குப் பின் 45 நாளுக்குள் விழுந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. பழைய ரெஜிஸ்ட்ராரிடம் புதுப்பிப்பு ரசீதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். 10 வருட வரம்பைத் தொட்டிருந்தால் கேட்க எதுவும் இல்லை.

3. இந்த இரண்டு விளக்கமும் பொருந்தவில்லை என்றால், அல்லது பேனலின் தேதி ரெஜிஸ்ட்ரியின் தேதியைவிடத் தள்ளி இருந்தால்: ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பிய கட்டளையின் தேதியையும் விளைவையும் எழுத்தில் கேளுங்கள். ரீசெல்லரிடம் வாங்கியவர்கள், பதில் வராவிட்டால் நேரே ரெஜிஸ்ட்ராருக்கே எழுதலாம். அவருடைய தொடர்பு விவரம் அதே தேடல் முடிவில் இருக்கும்.

4. சச்சரவு முடியும் வரை, தெரியும் இரண்டு தேதிகளில் எது முந்தியதோ அதுதான் காலாவதி என்று நடந்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு மாதம்கூட இல்லை என்றால் ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் சண்டை போடலாம். காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதிக்குப் பின் 5 நாளுக்குள்ளும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்று ஐகேன் விதி 2013 முதல் இருக்கிறது. ஆனால் அந்த மடல் போவது பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கு. மாற்றத்தின்போது அந்த முகவரி பழைய தள வடிவமைப்பாளருடையதாகவே தங்கிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். முகவரி அதே டொமைனில் இருந்தால் இன்னும் மோசம்: டொமைன் நின்ற பிறகு வரும் மடல் வந்துசேராது.

கோபத்தில் டொமைனைத் திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்களுக்கு: மாற்றம் நடந்து 60 நாள் வரை அடுத்த மாற்றத்தை ரெஜிஸ்ட்ரார் மறுக்கலாம். வங்கியில் சொல்லிக் கார்டு கட்டணத்தைத் திருப்பி எடுப்பதிலும் நிதானம் தேவை. முந்தைய காலத்துக்கான கட்டணம் வரவில்லை, கார்டு பணம் திரும்ப எடுக்கப்பட்டது என்பவை மாற்றத்தை மறுக்க ஐகேன் ஏற்கும் காரணங்களில் அடங்கும். டொமைன் பாதுகாப்பாகப் புதிய இடம் போய்ச் சேர்ந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். அதேபோல, இனி வரப்போகும் காலத்துக்குப் பணம் கட்டவில்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பழைய ரெஜிஸ்ட்ரார் மாற்றத்தைத் தடுக்க முடியாது. காலாவதிக்குப் பின் "முதலில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டுங்கள், பிறகுதான் விடுவோம்" என்று சொன்னால் இந்த விதியை எடுத்துக்காட்டுங்கள்.

இதற்கிடையில் தபாலிலோ மின்னஞ்சலிலோ முன்பின் தெரியாத நிறுவனத்திடமிருந்து 'உங்கள் டொமைன் காலாவதியாகிறது' என்று பில் மாதிரி ஒன்று வந்தால் குப்பையில் போடுங்கள். புதுப்பிப்பு என்று நம்பவைத்துத் தங்கள் பக்கம் மாற்றிக்கொள்ளும் பழைய தந்திரம் அது. டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் மேல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003-இல் நடவடிக்கை எடுத்தது இதற்காகத்தான். தேதி குழப்பத்தில் இருப்பவர்கள் இதில் எளிதாக விழுகிறார்கள்.

பதில் வராவிட்டால்

பொதுவகை டொமைன்களுக்கு ஐகேனின் ஒப்பந்த இணக்கப் பிரிவில் இலவசமாகப் புகார் தரலாம். மாற்றம் தொடர்பான புகாருக்கும் புதுப்பிப்பு தொடர்பான புகாருக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ரெஜிஸ்ட்ரியில் புதுப்பிக்கவில்லை என்றால் இரண்டாவது. ரசீது, தேடல் முடிவின் படம், ரெஜிஸ்ட்ராருக்கு எழுதிய மடல்கள் மூன்றும் கையில் இருந்தால் போதும். ஐகேன் உங்கள் பணத்தை வாங்கித் தராது. ரெஜிஸ்ட்ரார் ஒப்பந்தப்படி நடந்தாரா என்று அவரிடம் விளக்கம் கேட்கும். பெரும்பாலான விஷயங்கள் அந்தக் கேள்வி போனவுடன் நகரத் தொடங்கிவிடும், ஏனென்றால் அங்கீகாரம்தான் ரெஜிஸ்ட்ராரின் மூலதனம்.

நாட்டு டொமைன்களில் ஐகேன் தலையிடாது. டாட் இன்னுக்கு நிக்ஸியிடமும், டாட் எல்கேவுக்கு எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிடமும் போக வேண்டும். அங்கேயும் கேட்கப்படும் முதல் விவரங்கள் இவைதான்: பழைய காலாவதி தேதி, மாற்றம் முடிந்த தேதி, பணம் கட்டிய தேதி.